'விடுதலை' என்னும் தோணி

கரையோரமாகவே போனால் கடலில் பயமில்லை என்பது தரைவாசிகளாகிய நம்முடைய கடல் சாஸ்திரம். கரை கண்ணுக்குத் தெரிகிறது. ஏதாவது நேர்ந்தால் நீந்தியாவது பிழைக்கலாம். நடுச் சமுத்திரத்தில் அகப்பட்டுக் கொண்டால்தான் ஆபத்து என்று எண்ணுகிறோம். கப்பற்காரனைக் கேட்டால் நேர்மாறாகச் சொல்வான். ஆழமான கடல் அவனுக்குச் சிநேகிதன். பாறையும், மணல் திட்டும், குறுக்கே இழுக்கும் நீரோட்டமும் நிறைந்த கரைதான் அவனுக்கு யமன்.

இந்தப் பாடத்தை ஒரு குடும்பம் படித்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஆண்டு 1888. இடம் பிரேஸில் தேசத்தின் கீழைக் கரை. தகப்பனார், அவருடைய இளம் மனைவி, பதினாறு வயதுப் பிள்ளை ஒருவன், ஏழு வயதுப் பிள்ளை ஒருவன் - ஆக நால்வர், தங்கள் கையாலேயே கட்டிய தோணி ஒன்றில் ஊர் திரும்பப் புறப்பட்டார்கள். ஊர் என்றால் அடுத்த தாலுகா அன்று, வட அமெரிக்கா.

அந்தக் கரையை நான் நேரில் கண்டவனல்லன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். தேசப்படத்தைக் கூடத்தில் விரித்து, அதன் நான்கு மூலைகளிலும் நான்கு வெண்கலக் கும்பாக்களைப் பாரம் வைத்து, அந்தக் குடும்பத் தலைவர் 1890-ல் வெளியிட்ட புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பிரயாணம் செய்தேன். கும்பாக்கள் காணாமற் போனதைக் குறித்து அடுக்களையிலிருந்து விசாரணை வந்தது. விஷயத்தைச் சொன்னதும் விசாரித்தவளும் வந்து படத்தருகில் உட்கார்ந்துவிட்டாள்.

குடும்பத் தலைவரின் பெயர் ஜோஷுவா ஸ்லோகம். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1844-ல் பிறந்து, சிறு வயதிலேயே கடலுக்குப் போய், பின்னர் அமெரிக்கப் பிரஜையாகி, படிப்படியாகக் கப்பல் தலைவராக உயர்ந்தவர். 'அக்விட்நெக்' என்ற பாய்மரக் கப்பல் அவருக்குச் சொந்தமாகவே இருந்தது. முதல் மனைவி வர்ஜீனியா அவருடன் கப்பலிலேயே குடித்தனம் நடத்திப் பிள்ளைகளை வளர்த்து, 1884-ல் பியூனஸ் அயர்ஸ் துறைமுகத்தில் அந்தக் கப்பலிலேயே உயிர் நீத்தாள். 1886 பிப்ரவரியில் ஹெட்டி என்ற இருபத்து நான்கு வயதுப் பெண்ணை ஸ்லோகம் மறுமணம் செய்துகொண்டார். அவருக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. கல்யாணமாகி ஒரு வாரத்திற்குள் புது மனைவியையும், மூத்த தாரத்துப் பிள்ளைகளில் விக்டர், கார்பீல்ட் என்ற இருவரையும் ஏற்றிக்கொண்டு தென் அமெரிக்காவுக்குப் பாய் விரித்தார். மற்ற இரு குழந்தைகள் உறவினர் வீட்டில் தங்கினார்கள்.

புது மணப்பெண் அடுத்த இரண்டு வருஷங்களில் கண்டவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம்; நீட்டிச் சொன்னால் மனம் கசக்கும். அர்ஜென்டினாவில் காலரா கண்டிருந்தபடியால், சரக்குடன் வந்த கப்பலைப் பிரேஸில் அதிகாரிகள் துறைமுகத்தில் விடாமல் திருப்பியனுப்பினார்கள். மாலுமிகளிடையே கலகம் மூண்டது. நள்ளிரவில் மேல்தளத்தில் காலடி ஓசையும் கிசுகிசுப்பும் கேட்டுக் கணவரை எழுப்பியவள் ஹெட்டிதான். அன்று ஸ்லோகம் சுட்டதில் ஒருவன் இறந்தான். விசாரணையில் அவர் குற்றவாளியல்ல என்று விடுவிக்கப்பட்டார். பிறகு புதிதாகச் சேர்ந்த மாலுமிகளிடையே வைசூரி பரவிப் பலர் மாண்டார்கள். கடைசியில் 1887 டிசம்பரில், மரச் சரக்கு ஏற்றிய கப்பல் பரானாகுவா விரிகுடாவில் மணல் திட்டின்மேல் ஏறி உடைந்தது. கப்பலுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. உடைந்த கப்பலை விற்று மாலுமிகளின் சம்பளத்தைத் தீர்த்ததும், ஸ்லோகம் குடும்பத்தார் அந்நியக் கடற்கரையில் ஏறக்குறைய வெறுங்கையுடன் நின்றார்கள்.

பரானாகுவா மகர ரேகைக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. கடலை ஒட்டியே சுவர்போல் எழும்பி நிற்கும் மலைத்தொடர். அதன் சரிவெல்லாம் மழைக்காடு. அடிவாரத்தில் உப்பங்கழிகளும் கண்டல் மரங்களும் சிறு தீவுகளும். நம் பிச்சாவரத்துக் கழிகளுக்குப் பின்னால் நீலகிரியைக் கொண்டுபோய் நிறுத்தினால் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளலாம். கண்ணுக்கு அழகான இடந்தான். வீடு வாசலின்றி நிற்பவர்களுக்கு அழகால் என்ன பயன்?

நீங்களும் நானுமாயிருந்தால் ஊருக்குக் கடிதம் எழுதிப் பணம் வரவழைத்துத் தபால் கப்பலில் திரும்பியிருப்போம். ஸ்லோகமின் ரோசம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. தாமே ஒரு படகு கட்டிக் குடும்பத்தை அழைத்துப் போவது என்று தீர்மானித்தார். அவரிடமிருந்த ஆயுதங்களைக் கேளுங்கள்: ஒரு கோடாலி, ஒரு வாய்ச்சி, இரண்டு ரம்பம், சில துரப்பணங்கள், பாய் தைக்கும் பெரிய ஊசிகள் இரண்டு. இவற்றோடு, கரையில் ஒதுங்கிக் கிடந்த பழைய பாய்ப் பை ஒன்றினுள் அகப்பட்ட அரம் ஒன்று. எல்லாவற்றிலும் அந்த அரத்தைத்தான் அவர் பெரிய நிதியாக மதித்தார். அடிப்பலகைகள் அந்நாட்டு இரும்பு மரம். பக்கங்கள் செந்நிறச் சீடார். வளைந்த கொய்யாக் கிளைகள் பலகையைப் பற்றும் இடுக்கிகளாயின. செப்பு ஆணியின் நுனியை மடக்கி இறுக்குவதற்குத் துளையுள்ள தகடுகள் வேண்டுமே? பிரேஸில் செப்புக் காசுகளையே வெட்டித் துளையிட்டுக் கொண்டார். பணம் என்பது எந்தெந்த விதத்தில் மனிதனைக் காப்பாற்றுகிறது பாருங்கள்!

தோணியின் நீளம் 35 அடி, அகலம் ஏழரை அடி, ஆழம் 3 அடி. அகலம் நம் வீட்டு ஊஞ்சற் பலகையின் நீளத்தைவிட ஒரு முழம் அதிகமிருக்கும். உடல் பாதி அமெரிக்க மீன்பிடி படகு, பாதி ஜப்பானிய சம்பான். மூன்று பாய்மரங்களும் மூங்கில் சட்டமிட்ட பாய்களும் சீன மாதிரி. பக்கங்களில் பருத்த மூங்கில்கள் பிணைக்கப்பட்டன. தோணி சாய்ந்தாலும் அவை தாங்கும். விக்டர் தச்சனாகவும் கயிறு திரிப்பவனாகவும் வேலை செய்தான். பாய்களைத் தைத்தவள் ஹெட்டி. பட்டணத்தில் நாகரிக உடை தைத்துப் பழகிய கைகள், இப்போது கோணியூசி போன்ற ஊசியைப் பிடித்துக்கொண்டு, நான்கு உயிர்களை இழுத்துச் செல்ல வேண்டிய துணியைத் தைத்தன.

தோணியைத் தண்ணீரில் தள்ளிய நாள் 1888 மே 13. பிரேஸிலின் சரித்திரத்தில் மறக்க முடியாத நாள் அது. சக்கரவர்த்தி இரண்டாம் பெட்ரோ ஐரோப்பாவில் இருந்தபடியால், அவருக்குப் பதிலாக ஆட்சி நடத்திய அவருடைய குமாரத்தி இஸபெல் அன்றுதான் அடிமை ஒழிப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டாள். இரண்டே ஷரத்துக்கள் கொண்ட சட்டம். சுமார் 7 லட்சம் ஸ்திரீ புருஷர்கள் அன்றோடு அடிமைகளல்லர் ஆனார்கள். அமெரிக்கக் கண்டங்களில் அடிமை முறையைக் கடைசியாக விட்ட தேசம் பிரேஸில்தான். விடுபட்டவர்களுக்கு ஒரு காணி நிலமோ, ஒரு காசோ சட்டம் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் அன்று ஊரெங்கும் கொண்டாட்டம். அந்த நாளில் தண்ணீரைத் தொட்ட தோணிக்குப் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. 'லிபர்டாடே' - அதாவது 'விடுதலை' - என்று வைத்தார்கள்.

'விடுதலை'க்குச் சர்க்கார் விடுதலை கொடுக்க வேண்டுமே! இந்தப் பொருளைக் கப்பல் என்பதா, ஓடம் என்பதா என்று துறைமுக அதிகாரிகள் குழம்பினார்கள். கடைசியில் முகத்துவாரத்துக்கு உள்ளேயும் வெளியேயும் மீன் பிடிக்க ஓர் அனுமதிச் சீட்டு கிடைத்தது. வெளியே என்றால் எவ்வளவு தூரம் என்று ஸ்லோகம் கேட்டதற்கு யாரும் திட்டமாகப் பதில் சொல்லவில்லை. அது போதாதா? 120 ராத்தல் பிஸ்கோத்து, 120 காலன் தண்ணீர், 200 ஆரஞ்சு, ஆறு வாழைத்தார், இரண்டு புட்டி தேன், உலர்ந்த மாமிசம், கருக வறுத்து இடித்த காப்பிப்பொடி - இவற்றுடன் ஜூன் 24-ந் தேதி மீன் பிடிக்கப் புறப்பட்டார்கள். வாழைத்தாரும் காப்பிப்பொடியும் இருந்ததைக் கேட்டதும் என் சகதர்மிணிக்கு அந்தப் பிரயாணத்தில் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

இனித் தேசப்படத்தைப் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்காவை நோக்கித் தென் அமெரிக்கா மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறதல்லவா? பூமத்திய ரேகையை ஒட்டிக் கிழக்கேயிருந்து மேற்காக வரும் பெரிய நீரோட்டம் அந்த மூக்கருகில் மோதி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கரையோரமாகத் தெற்கே இறங்குகிறது; மற்றொரு கிளை வடமேற்காக ஓடுகிறது. ஸ்லோகம் குடும்பம் தெற்கேயிருந்து வடக்கே போகவேண்டும். ஆகையால் மூக்குவரையில் நீரோட்டம் எதிர். காற்றும் தென்பகுதியில் அடிக்கடி வடகிழக்கிலிருந்து முகத்தில் அடிக்கும். இடையிடையே தெற்கேயிருந்து குளிர்ந்த புயல் வீசும். கரையை ஒட்டி நுழைந்து நுழைந்துதான் போகவேண்டும். அப்படிக் கரையை ஒட்டுவதில்தான் எல்லா அபாயமும் இருந்தது.

வெளிக்கடலில் வந்த முதல் புயலிலேயே ஹெட்டி தைத்த பாய்கள் கிழிந்து பறந்தன. எப்படியோ ஸான்டோஸ் துறைமுகத்தில் புகுந்தார்கள். காப்பிக்கொட்டை ஏற்றுமதிக்குப் பெயர்போன அந்தத் துறையில் அமெரிக்கத் தபால் கப்பல் ஒன்று நின்றது. அதன் தலைவர், ரியோ டி ஜெனிரோ வரையில் தோணியைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு போவதாகச் சொன்னார். ஹெட்டியும் சிறுவன் கார்பீல்டும் தபால் கப்பலில் ஏறிக்கொண்டார்கள். தோணியில் தகப்பனார் சுக்கானைப் பிடித்தார். விக்டர் முன்பக்கத்தில் கோடாலியுடன் காத்திருந்தான். தோணி முழுகும் போலிருந்தால் கயிற்றை ஒரே வெட்டாக வெட்டவேண்டியது அவன் வேலை. மணிக்கு 13 கடல் மைல் வேகத்தில் ஓடும் நீராவிக் கப்பலின் பின்னால் அந்தத் தோணி ஓர் இரவு முழுவதும் அலைக்கு அலை தாவிப் போயிற்று. கப்பலின் பின்புறத்தில் நின்று அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாளுக்கு அந்த இரவு எத்தனை யுகமாயிருந்திருக்கும்? அதைக் குறித்துப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.

மகர ரேகையைத் தாண்டியாயிற்று. இனி உஷ்ணப் பிரதேசம். ரியோவின் குவானபாரா விரிகுடாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாயிலில் காவல் நிற்கும் சர்க்கரைக் கூம்பு மலையைப் படத்தில் பார்க்காதவர் யார்? அதன் உயரம் 396 மீட்டர். அந்த அழகுக்கு நடுவே ஹெட்டி மறுபடியும் ஊசியை எடுக்க வேண்டியதாயிற்று. இந்தத் தடவை இன்னும் கனமான துணி.

ஜூலைக் கடைசியில் ரியோவை விட்டார்கள். கிழக்கே கேப் ஃபிரியோ. 'குளிர் முனை' என்று பொருள். உஷ்ணப் பிரதேசத்தில் குளிர்முனை ஏது என்று கேட்கலாம். வடகிழக்குக் காற்று மேல் தண்ணீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே எழுந்து வருகிறது. மீன்களுக்குக் கொண்டாட்டம், குளிப்பவர்களுக்குத் திண்டாட்டம். இந்தக் கடலில்தான் ஒரு விபரீதம் நடந்தது. இருட்டில் ஒரு திமிங்கிலம் தோணிக்கு அடியிலேயே எழும்பி, தோணியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தன் வழியே போயிற்று. தோணியைவிட அதுவே நீளமாயிருந்தது. காசுத் தகடுகள் இறுக்கிய ஆணிகள் பிடியை விடவில்லை.

திமிங்கிலத்தின் மேல் தப்பில்லை. ஜூலை முதல் நவம்பர் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் தென் துருவக் கடலிலிருந்து குட்டி போடுவதற்காக இந்தக் கரைக்கு வருகின்றன. அவற்றின் பிரசவ விடுதி, இன்னும் வடக்கேயுள்ள அப்ரோலியோஸ் தீவுகளைச் சுற்றிய ஆழமற்ற கடல். பவழப் பாறைகள் மண்டிய அந்த இடத்தின் பெயருக்கு, 'கண்ணைத் திற!' என்று மாலுமிகளுக்குக் கொடுத்த எச்சரிக்கையே மூலம் என்று சொல்வார்கள். 1983-ல் அதைப் பிரேஸிலின் முதல் கடல் தேசியப் பூங்காவாக்கினார்கள். திமிங்கில வேட்டை 1987-ல் சட்டத்தால் நின்றது. மிகவும் குறைந்து போயிருந்த கூன்முதுகுக் கூட்டம் பிறகு மறுபடி பெருகிவிட்டது.

இன்னும் மேலே போனால் போர்ட்டோ ஸெகூரோ. 1500 ஏப்ரலில் காப்ரால் என்ற போர்த்துகீசியர் வந்து இறங்கியது இந்தப் பக்கந்தான். அவர் பிரேஸிலைத் தேடி வந்தவரல்லர். நம்முடைய கள்ளிக்கோட்டைக்கு மிளகு வாங்கப் போகிறவர். வழியில் ஒரு கண்டத்தைத் தொட்டுவிட்டு, அவ்வருஷம் செப்டம்பரில் கள்ளிக்கோட்டை வந்து சேர்ந்தார். அந்த மிளகு ஆசையால் அங்கேயும் இங்கேயும் விளைந்தவை பல.

மிளகு மட்டுந்தான் நம் பக்கத்திலிருந்து போயிற்று என்று நினைக்க வேண்டாம். பாஹியாவைக் கடந்து 'விடுதலை'த் தோணி பெர்னம்புகோவை - இப்போது ரெஸிஃபே என்னும் துறைமுகத்தை - நெருங்கும் கடலில், நாலைந்து கட்டைகளை ஒன்று சேர்த்து முக்கோணப் பாய் கட்டிய மிதவைகளில் செம்படவர்கள் ஓடித் திரிவார்கள். இரும்பாணி ஒன்று கிடையாது. அலை மேலே ஏறி மறுபக்கம் இறங்கிவிடும். அச்சாக நம் கட்டுமரத்தின் சகோதரி! அதற்கு அங்கே பெயர் 'ஜங்காடா'. போர்த்துகீசியர் நம் மேலைக் கரையில் 'சங்ஙாடம்' என்று கேட்டு எடுத்துச் சென்ற மலையாள வார்த்தைதான் அது. தமிழிலும் ஓடங்களைப் பிணைத்த மிதவைக்குச் 'சங்கடம்', 'சங்காடம்' என்று பெயருண்டு. அந்த நாட்டு ஆதிகுடிகளின் மிதவை. நம் நாட்டுப் பெயர்.

ஜங்காடாவுக்கு மற்றொரு பெருமை உண்டு. மூக்கைத் தாண்டி வடக்கே ஸெஆரா மாகாணம். அங்கே ஃபோர்டலேஸா துறையில் அந்நாளில் பெரிய கப்பல்கள் கரைக்கு வரமுடியவில்லை. ஆளையும் சரக்கையும் ஜங்காடாக்களில்தான் கப்பலுக்கு ஏற்றவேண்டியிருந்தது. 1881-ல் அந்த ஏழைப் படகோட்டிகள், இனி அடிமைகளைக் கப்பலில் ஏற்றமாட்டோம் என்று கட்டுப்பாடு செய்து வேலையை நிறுத்தினார்கள். அவர்களுக்கு முன்னின்றவர்களில் ஃபிரான்ஸிஸ்கோ ஜோஸே டோ நாஸிமென்டோ என்பவர் புகழ் பெற்றார். ஆயுதம் எடுக்கவில்லை, துடுப்பைக் கீழே வைத்தார்கள், அவ்வளவுதான். 1884-ல் ஸெஆரா மாகாணம் அடிமை முறையை ஒழித்தது. சக்கரவர்த்தினியாக வேண்டிய இஸபெல் கையெழுத்திட்டதற்கு நான்கு வருஷம் முன்பே! ஸ்லோகமின் தோணி அத்துறைக்குப் போகவில்லை. ஆனால் அதன் பக்கத்தில் எழுதியிருந்த பெயருக்கு அந்தக் கட்டை மிதவைகள் முன்பே உரிமை பெற்றிருந்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

ரெஸிஃபே என்றால் 'பாறைத்தொடர்'. கரைக்கு இணையாக, கட்டிய சுவர்போல் நீளும் கற்பாறை வரிசைக்குள் துறைமுகம் அமைந்திருக்கிறது. அதை விட்டு வெளியே வந்தால் இனிப் பெருங்கடல். கடலைப் பாதுகாப்பாகக் கடப்பதற்கு மேற்கிந்தியத் தீவுகளின் பார்படோஸ் வரை 2,150 மைல், நடுவில் பூமத்திய ரேகை. கரையோரத்திலேயே இத்தனை பட்டவர்கள் சமுத்திரத்தில் என்னாவார்கள் என்று படத்தருகில் இருந்தவள் கவலைப்பட்டாள்.

ஒன்றும் ஆகவில்லை. பத்தொன்பது நாளில் பார்படோஸ் போய்ச் சேர்ந்தார்கள்! நாளொன்றுக்குச் சராசரி 113 மைல். மூக்கைத் தாண்டியதும் நீரோட்டம் வடமேற்காகத் தள்ளிற்று; தென்கிழக்குக் காற்று முதுகுப் புறத்தில் நின்று வீசிற்று. மோதுவதற்குப் பாறையுமில்லை, ஏறுவதற்கு மணல் திட்டுமில்லை. கரையோரத்தில் வாரக்கணக்கில் அடிபட்டுத் தேறிய தோணியும் மனிதர்களும் சமுத்திரத்தில் ஓய்வெடுத்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

பார்படோஸில் சூறாவளிக் காலம் கழியும்வரை காத்திருந்து, அக்டோபர் 7-ல் புறப்பட்டு, போர்ட்டோ ரிகோ தீவில் தங்கி, அக்டோபர் 28-ல் அமெரிக்காவின் தென் கரோலினாக் கரையைக் கண்டார்கள். துறைகளில் தங்கிய நாட்களை நீக்கினால் 53 நாள் ஓட்டம், 5,510 மைல். பிறகு உள்நாட்டு நீர்வழிகளில் மெல்ல ஊர்ந்து டிசம்பர் 27-ல் வாஷிங்டன் சேர்ந்தார்கள்.

ஸ்லோகம் பிற்பாடு 1895 முதல் 1898 வரை 'ஸ்ப்ரே' என்ற சிறு படகில் தன்னந்தனியாக உலகைச் சுற்றி வந்து, அப்படிச் சுற்றிய முதல் மனிதர் என்று பெயர் பெற்றார். அதே படகில் மற்றொரு முறை தனியாகப் புறப்பட்டவர் திரும்பவே இல்லை. விக்டரும் கடலோடியாகி, தகப்பனாரின் சரித்திரத்தை எழுதினான்.

"சரி, அந்த அம்மாள் எழுதிய புத்தகம் எங்கே?" என்று என் மனைவி கேட்டாள்.

அப்படி ஒரு புத்தகம் இல்லை. கணவரின் புத்தகத்திலும் அவள் பல இடங்களில் வெறும் 'மேடம்'தான். அவள் பாய் தைத்தது இருக்கிறது. நன்றாகத் தைத்தாள் என்ற பாராட்டும் இருக்கிறது. வாஷிங்டனில் இறங்கிய பிறகு, ஹெட்டி கணவருடன் நீண்ட கடற் பிரயாணம் எதற்கும் போகவில்லை. அவர் உலகைச் சுற்றிய மூன்று வருஷமும் அவள் கரையிலேயே இருந்தாள்.

"பின்னே?" என்றாள் என் மனைவி. எழுந்து நான்கு கும்பாக்களையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தேசப்படம் தானாகவே சுருட்டிக்கொண்டது.